உப்பளத்துக்கு வந்த பூதம்

முன்னொரு காலத்தில், வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லாமல் மூன்று வருடம் வெயில் காய்ந்த தேசம் ஒன்று இருந்தது. அதன் கடலோரத்தில் ஓர் உப்பளம். அங்கே வேலை செய்தவள் உலகம்மாள். கூட அவள் புருஷன் சுடலை. தத்தித் தத்தி நடக்கிற பெண் குழந்தை ஒன்று, பேர் பேச்சி.

மழை இல்லாததால் உப்பு மலை மலையாக விளைந்தது. ஆனால் குடிக்கத் தண்ணீர்? ஊர்க் கிணற்றில் வாளியை விட்டால் சேறுதான் வந்தது.

ஒருநாள் காலை பாத்தி வரப்பில் ஏதோ படுத்திருந்தது. சாம்பல் நிறம், சடை சடையாக முடி, கன்றுக்குட்டி பருமன்.

“ஐயோ, பூதம்!” என்று மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினான் சுடலை.

உலகம்மாள் கிட்டே போய்ப் பார்த்தாள். நாய்! உப்புப் பட்டு நாலு பாதமும் வெடித்திருந்தன. குடிக்க வைத்திருந்த தண்ணீரில் பாதியை ஊற்றிக் கழுவினாள். எண்ணெய் தடவினாள். வீட்டுக்குக் கூட்டி வந்தாள். பேர் மட்டும் பூதம் என்றே நிலைத்துவிட்டது.

பூதம் ஒரு சட்டி கம்பங்கஞ்சியை ஒரே மூச்சில் குடிக்கும். பேச்சி காதைப் பிடித்து இழுத்தாலும் சும்மா இருக்கும். தங்கமான நாய்தான். ஆனால் கேளுங்கள் கூத்தை!

முதல் நாள் உலகம்மாள் வேலை முடிந்து வந்தால், தெருக் கோழி அத்தனையும் அவள் அடுப்படியில்! வாசலில் பூதம் காவல். உலகம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. பசி போலிருக்கு என்று இன்னொரு சட்டி கஞ்சி ஊற்றினாள்.

இரண்டாம் நாள், ஊர் ஆடு அத்தனையும் அடுப்படியில்! உலகம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏக்கம் போலிருக்கு என்று வெகுநேரம் தடவிக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் அடுப்படியில் சுடலை நின்றான். இடுப்பில் பேச்சி. கூட எதிர்வீட்டு ஆட்கள் நாலு பேர்.

“உலகு, இது எங்களை முட்டி முட்டித் தள்ளிட்டு வந்து அடைச்சிட்டு. ஒரு கடி இல்ல. நகரவும் விட மாட்டேங்கு. நாங்க என்ன தப்பு செஞ்சோம்?”

வேறு வழி தெரியாமல் பூதத்தைக் கட்டிப் போட்டாள். அதன் பிறகு அது கஞ்சியை மோந்துகூடப் பார்க்கவில்லை. முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. மேற்கு மலையையே பார்த்தபடி கிடந்தது.

“சோறு போட்டேன், தடவிக் கொடுத்தேன், கட்டியும் போட்டேன். இன்னும் என்னதான் வேணும் உனக்கு?” என்று அதன் முன்னால் உட்கார்ந்து அழுதாள் உலகம்மாள்.

“விரட்டி விட்டுரு” என்றான் சுடலை.

“மனசு வரலியே.”

கயிற்றை அவிழ்த்தாள். “எங்க போகணுமோ போ. நான் பின்னால வாறேன்.”

பூதம் மேற்கே நடந்தது. ஒரு பகல் நடந்தது, இரண்டு பகல் நடந்தது, மூன்றாம் பகல் மலையேறியது. அங்கே ஒரு குகை. குகையை அடைத்துப் பெரிய பாறை. பாறை இடுக்கில் வெள்ளையும் கறுப்புமாக ஏதோ முட்டி மோதிக்கொண்டிருந்தன. மேகங்கள்! தேசத்து மேகம் அத்தனையும்!

பாறைமேல் மரப்பட்டை போல வறண்ட ஒரு மந்திரவாதி உட்கார்ந்திருந்தான்.

“அட, என் மேய்ச்சல் நாய்! இந்த மேகங்களை எல்லாம் ஓட்டி வந்து அடைத்தது இதுதான். வேலை முடிந்தது, துரத்திவிட்டேன். சும்மா இருக்கிற நாய்க்கு யார் சோறு போடுவது?”

“பாவி! ஊரே தாகத்துல கிடக்கு. குகையைத் திற!”

“திறந்தால் உன் உப்பு கரைந்து போகுமே, பெண்ணே?”

உலகம்மாள் உப்பளத்தை நினைத்தாள். ஒரு வருட உழைப்பு வெட்டவெளியில் குவிந்து கிடந்தது. ஆனால் சேற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிப் பேச்சிக்குக் கொடுத்ததும் நினைவுக்கு வந்தது.

“கரைஞ்சா கரையட்டும். திற!”

மந்திரவாதி சிரித்தான். “மூன்று முறை நாயைக் கூப்பிடு. அது என்னை விட்டு உன்னிடம் வந்தால் குகை திறக்கும். வராவிட்டால் நீயும் மேகமாகி உள்ளே போவாய்.” சொடக்குப் போட்டான். பூதம் கல்லாய் இறுகி அவன் காலடியில் உட்கார்ந்தது.

“பூதம், கஞ்சி தாறேன், வா!” அது அசையவில்லை.

“என் கண்ணுல்லா, என் தங்கம்லா, வா!” வால் நுனி மட்டும் ஆடியது. உலகம்மாளின் கால்விரல்கள் புகையாகத் தொடங்கின. இனி என்ன சொல்வது? ஒன்றும் தோன்றவில்லை. தோன்றாததையே சொன்னாள்.

“பூதம், எனக்கு ஒண்ணும் புரியலப்பா. இந்த மேகத்தை எப்படி ஓட்டணும், எங்க கொண்டு விடணும், எதுவும் தெரியாது. தெரிஞ்சவன் நீதான். எனக்கு ஒரு கை கொடேன்!”

பூதத்தின் காது நிமிர்ந்தது. உடம்பை ஒரு உதறு உதறியது. ஒரே பாய்ச்சலில் அவள் பக்கம் வந்து நின்றது. பாறை இரண்டாகப் பிளந்தது! மேகங்கள் திமுதிமுவென்று மந்திரவாதி மேலேயே ஏறிப் போயின. நனைய நனைய அவன் மந்திரம் எல்லாம் கழுவிக்கொண்டு போக, நடுங்குகிற வெறும் கிழவனாக மலையிறங்கி ஓடினான்.

பூதம் குரைத்தது. ஒரு கூட்டம் ஏரிக்குப் போயிற்று, ஒரு கூட்டம் கம்பங்காட்டுக்குப் போயிற்று. உப்பளத்துப் பக்கம் வந்த கூட்டத்தை மட்டும் அது குறுக்கே பாய்ந்து மறித்தது. சுடலையும் ஊராரும் ஓலை போட்டு உப்பை மூடி முடித்த பிறகுதான் வழிவிட்டது. கிணறு தளும்பியது. பேச்சி வாசலில் நின்று வாயைத் திறந்து மழையைக் குடித்தாள்.

அதுமுதல் பூதம் தினமும் காலையில் வேலைக்குப் போகும், பொழுது சாய ஈரமும் சேறுமாக வரும், அடுப்படியில் விழுந்து குறட்டை விடும். எந்த ஊருக்கு எப்போது மழை வேண்டும் என்று அதற்கு எப்படித்தான் தெரிகிறது? உலகம்மாளுக்குக் கடைசிவரை புரியவே இல்லை. அவள் சேற்றைத் துடைத்துவிட்டுக் கஞ்சி ஊற்றினாள்.

அவர்கள் நனைந்தார்கள், நாமும் நனைவோம்.