டாலி ஆகாத பதினோரு நோட்டுகள்

பேராசிரியர் ஜெபமலரின் அறையில் விருதுக் கேடயங்கள் அலமாரிக்கு மேல் படுத்துக் கிடந்தன. முப்பத்தெட்டு ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவர். சனிக்கிழமைகளில் தூத்துக்குடிக் கடற்கரைக்குப் போய், விசைப்படகுத் தொழிலாளர் வீட்டுப் பெண்களின் சேமிப்புக் குழுக்களுக்குக் கணக்கு எழுதச் சொல்லிக்கொடுப்பார்.

அவருடைய ஆய்வு மாணவர் இசக்கிமுத்துவுக்கு வயது ஐம்பத்து மூன்று. பேராசிரியரைவிட ஏழு வயது மூத்தவர். கூட்டுறவுத் துறையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு முனைவர் பட்டத்துக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. நாளை மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து.

“கையெழுத்து மட்டுந்தான் பாக்கி மேடம்” என்றார் இசக்கிமுத்து. மேஜையில் ஆய்வேடு. பக்கத்தில் ஐம்பது குழுக்களின் கணக்கு நோட்டுகள்.

“முடிவு என்ன சொல்லுது அண்ணாச்சி?”

“நீங்க பயிற்சி கொடுத்த குழுவுல ஒரு பிழை கிடையாது. வரவும் இருப்பும் ஐம்பதுலயும் டாலி. உங்களுக்கு இதைவிட என்ன சான்று வேணும்?”

“நாம எடுத்தது அறுபத்தொண்ணுல்லா?”

“பதினொண்ணு டாலி ஆகலை. ஒதுக்கிட்டேன்.”

“எங்க இருக்கு?”

“கார் டிக்கியில.”

“கொண்டு வாங்க.”

கொண்டு வந்தார். ஜெபமலர் ஐம்பதில் ஒன்றையும் பதினொன்றில் ஒன்றையும் எடுத்து, இரண்டிலும் மே மாதத்தைத் திறந்து அருகருகே வைத்தார்.

முதல் நோட்டில் அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. பன்னிரண்டு மாதமும் ஒரே பேனா. வாரம் தவறாமல் தலைக்கு நூறு ரூபாய் வரவு.

இரண்டாவதில் மூன்று நிற மை. மீன் செதில் ஒன்று ஒட்டியிருந்தது. மே மாதப் பக்கத்தில் வரவு இல்லை. ஓரத்தில் மட்டும், ‘ஸ்டெல்லா பெட்டியிலிருந்து எடுத்தாள். எவ்வளவு என்று கேட்கவில்லை.’

“மே மாசம் விசைப்படகு எல்லாம் எங்க நிக்கும் அண்ணாச்சி?”

“மீன்பிடித் தடைக்காலம். கரையில.”

“அப்ப இந்த நூறு ரூபா?”

இசக்கிமுத்து ஐம்பதிலிருந்து இன்னொரு நோட்டை எடுத்தார். பிறகு இன்னொன்று. எல்லாவற்றிலும் மே மாதம் அதே நூறு ரூபாய். ஏழாவது நோட்டோடு நிறுத்திக்கொண்டார்.

“குழுவுக்குப் போனப்ப என்ன சொன்னீங்க?”

“கணக்கு சரியா இருக்கிற நோட்டைத்தான் ஆய்வுல சேர்த்துக்குவேன்னு சொன்னேன். மறுநாள் காலையில கொடுத்தாங்க.” கையிலிருந்த நோட்டை மூடி வைத்து, “இருபத்தேழு வருஷம் ஆடிட்டுக்குப் போனவன் நான்” என்றார்.

ஜெபமலர் அலமாரியிலிருந்து தன்னுடைய பழைய ஆய்வேட்டை எடுத்து, நான்காவது அட்டவணையைக் காட்டினார். மே மாதத்தில் முழு வரவு.

“நீங்களுமா மேடம்?”

“பட்டம் வாங்கின பிறகு இந்தப் பக்கத்தை ஒரு அம்மாகிட்ட பெருமையா காட்டினேன். ‘எங்க வீட்டுல அடுப்பெரியாத மாசம், உன் தாள்ல நல்லா எரியுதே தாயி’ன்னு சிரிச்சாங்க.”

“அப்புறம்?”

“தப்புன்னு எழுதி அச்சுக்கு அனுப்பினேன். என் முதல் கட்டுரை அதுதான். அந்த வாரத்துலருந்துதான் சனிக்கிழமை அங்க போறேன்.”

இசக்கிமுத்து நாற்காலியில் நிமிர்ந்தார்.

“நாளைக்குக் கொடுக்கலைன்னா என் மச்சான், ‘டாக்டரு எப்ப ஊசி போடுவாரு’ன்னு ஊர் பூரா கேப்பான் மேடம்.”

“கொடுங்க.”

“முடிவுரையே மாறுது. நோட்டு எப்படி டாலி ஆச்சுங்கிறதுல என் பங்கையும் சேர்த்து எழுதணும். ஒரு நாள்ல முடியுமா?”

ஜெபமலர் கையெழுத்துப் போட வேண்டிய தாளைத் தனியே உருவி வைத்துக்கொண்டு, பேனாவை அவரிடம் நீட்டினார்.

“நடக்காத ஒரு வருஷத்தை எழுத அவங்களுக்கு ஒரு ராத்திரி போதுமா இருந்துச்சு அண்ணாச்சி. நீங்க நடந்ததைத்தானே எழுதப் போறீங்க.”