தம்போரா இல்லாத மெரெங்கே

தொமினிக்கன் நாட்டில், சிபாவோ பள்ளத்தாக்கில் ஒரு சிற்றூர். அங்கே தம்போரா வாசிப்பதில் கசில்தா என்ற பெண்ணை மிஞ்ச ஆளில்லை. தம்போரா என்பது இரண்டு பக்கமும் ஆட்டுத்தோல் கட்டிய மத்தளம். ஒரு பக்கம் குச்சியால் அடிக்க வேண்டும், மறுபக்கம் உள்ளங்கையால். அது இல்லாமல் மெரெங்கே ஆட்டம் கிடையாது.

அவருடைய சீடர் நிக்கனோர். தையற்காரர், குருவைவிட வயதில் மூத்தவர். தாளம் பிடிபடாமல் அக்கார்டியனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவரை ஆளாக்கியது கசில்தாதான்.

ஒருநாள் ஊர்ப் பெரிய மனிதர்களின் கிளப்பிலிருந்து நிக்கனோருக்கு அழைப்பு வந்தது. ஞாயிறு மாலை நடனத்துக்கு வாசிக்கலாம். ஆனால் தம்போரா வாசலைத் தாண்டக் கூடாது. அது அடிமைகள் அடித்த கொட்டாம். பெரிய மனிதர்களுக்கு நாகரிகம் முக்கியம், பாவம்.

அவர்களுக்குக் காலமெல்லாம் கோட்டு தைத்துக் கொடுத்தவர் நிக்கனோர். பின்வாசலைத் தவிர வேறு வாசலைப் பார்த்ததில்லை.

"குருவே, ஒரே ஒரு தடவை. தம்போரா இல்லாட்டியும் நம்ம பாட்டு உள்ளே போகுமே. அது நமக்குப் பெருமை இல்லையா?"

கசில்தா தம்போராவின் கயிற்றை இழுத்துக் கட்டினார்.

"போகட்டுமா, வேண்டாமா?"

"போங்க. நானும் வாசல் வரைக்கும் வரேன்."

ஞாயிற்றுக்கிழமை நிக்கனோர் முன்வாசல் வழியாக உள்ளே போனார். அவர் பின்னால் கதவைச் சாத்தினார்கள். கசில்தா வெளியே நின்றார்.

அக்கார்டியன் ஒலித்தது. ஜோடிகள் ஆட வந்தார்கள். பாட்டு ஒரு பக்கம் போனது, கால்கள் ஒரு பக்கம் போயின. ஒருவர் தன் மனைவியின் காலை மிதித்தார். யாரோ சிரித்தார்கள். கிளப் தலைவர் முறைத்தார். நிக்கனோருக்குச் சட்டை நனைந்துவிட்டது.

அப்போது கதவு அதிர்ந்தது. ஒரு குச்சி, ஒரு உள்ளங்கை. யாரோ கதவிலேயே தாளம் போட்டார்கள்.

கால்கள் ஒன்று சேர்ந்தன. இடுப்புகள் அசைந்தன. விசிறிக்குப் பின்னால் முகம் சுளித்துக்கொண்டிருந்த சீமாட்டிகள்கூட எழுந்து வந்து ஆடினார்கள். நிக்கனோர் தன் வாழ்நாளில் அப்படி வாசித்ததில்லை. சந்தோஷத்தில் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

தலைவர் போய்க் கதவைத் திறந்தார். தாளம் நின்றது. ஆடியவர்களும் அப்படியே நின்றார்கள்.

வாசலில் கசில்தா. கையில் குச்சி. தோளில் தொங்கிய தம்போராவை அவர் தொடவே இல்லை.

"யாருடா இவ?" தலைவர் நிக்கனோரிடம் கேட்டார். "உனக்குத் தெரிஞ்சவளா? ஆமான்னா, இப்பவே நீயும் இவகூட வெளியே போ."

கூடம் முழுவதும் நிக்கனோரைப் பார்த்தது. அவர் தரையைப் பார்த்தார்.

"தெரியாதுங்க."

தலைவர் கசில்தாவிடம் திரும்பினார். "இவன் சொல்றது உண்மையா?"

"உண்மைதான்" என்றார் கசில்தா. "என்னைத் தெரிஞ்சிருந்தா, இந்தத் தம்போராவை வெளியே விட்டுட்டு அவர் உள்ளே வந்திருக்க மாட்டார்."