அம்மை போட்டவள் வைக்காத விரல்

பச்சிளங்குழந்தைகள் வார்டு நர்ஸ் எப்சிபாவுக்கு உடம்பெல்லாம் அம்மை. போனில் லீவு கேட்டாள்.

"நேர்ல வந்து வருகைப்பதிவு மெஷின்ல விரல் வச்சாத்தான் லீவு. இல்லேன்னா வேலை போயிடும்" என்றார் மேனேஜர் தணிகாசலம்.

பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது? ஸ்கூட்டரில் போனவள், உள்ளே நுழையாமல் மேனேஜர் அறை ஜன்னலுக்கு வெளியே தள்ளி நின்றாள்.

"வந்துட்டேன் சார்" என்று கையைக் காட்டினாள். விரல் நுனிவரை கொப்புளம்.

அவர் நாற்காலியோடு பின்வாங்கினார். "உள்ள வராதே!"

"மெஷின் உங்க மேஜையிலதானே சார் இருக்கு? நான் விரல் வச்ச இடத்துலதானே சாயங்காலம் நீங்களும் வைக்கணும்?"

மேனேஜர் மெஷினை எட்டத் தள்ளி வைத்தார். உடம்பு சரியில்லாத நர்ஸ்கள் இனி லீவுக்குப் போனில் சொன்னாலே போதும் என்று அப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். வார்டில் ஒரு பிள்ளைக்கும் அம்மை வரவில்லை.