சந்தன நிற ஜீப்

இதை எனக்கு முதன்முதலில் சொன்னது பிலோமி அக்கா. போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து கோவில் படியில் செருப்பு மாட்டும்போது ஆரம்பித்தார். அவர் வீட்டு வாசல் வரை நான் கூடவே நடந்து கேட்டேன். ஜீப் அவர் கணவருடையது. நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

*

"குருவே, என் தம்பி வண்டியில ஏற மாட்டேங்கிறான்."

இப்படிச் சொன்னவர் மாசிலாமணி, பிலோமி அக்காவின் கணவர். அறுபத்திரண்டு வயது. போலீஸ் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

குரு என்பது தாவூத். நாமக்கல் ரோட்டில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை அவருடையது. மாசிலாமணியைவிடப் பத்து வயது சின்னவர். அங்கே வேலை பழக வருகிற எல்லோரும் அவரைக் குரு என்றுதான் கூப்பிடுவார்கள். மாசிலாமணியும் வேலை பழகத்தான் வந்தார்.

வந்த காரணம் தம்பி ஆரோக்கியம்.

ஆரோக்கியத்துக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது. செவ்வாயும் சனியும் சேலத்தில் டயாலிசிஸ். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். திரும்பும்போது உட்காரத் தெம்பு இருக்காது, படுக்கத்தான் தோன்றும். பொங்கலுக்கு முந்தின வாரம் பஸ் நிலையத்திலேயே சரிந்து விழுந்துவிட்டான்.

அந்த மாதம் கழித்துக்கட்டிய போலீஸ் வண்டிகளை ஏலம் விட்டார்கள். தான் ஓட்டிய ஜீப்பையே மாசிலாமணி எடுத்து வந்து வாசலில் நிறுத்தினார். பின்னால் நீள சீட்டு. ஆள் படுத்துக்கொண்டு வரலாம்.

"உலகத்துல வேற வண்டியே கிடைக்கலையா உங்களுக்கு?" என்றார் பிலோமி அக்கா.

"இது வழியில நின்னதே இல்ல, பிலோமி."

"நான் அதைக் கேக்கல."

அவர் எதைக் கேட்டார் என்று மாசிலாமணிக்குத் தெரியும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு குடோனில் தார்ப்பாய் திருடு போனது. அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஆரோக்கியத்தைச் சந்தேகத்தில் பிடித்து, இந்த ஜீப்பில்தான் ஏற்றிப் போனார்கள். ஓட்டியது அண்ணன். மூன்றாம் நாள் உண்மையான திருடன் அகப்பட்டான், தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான். ஊருக்கே தெரிந்த விஷயம், ஆனால் அதைப் பற்றி அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

*

முதல் நாள் பட்டறையில் மாசிலாமணி சொன்னார்:

"குருவே, இது போலீஸ் வண்டின்னே தெரியக் கூடாது. வேலையை நானே என் கையால செய்யணும்."

"யாருக்குத் தெரியக் கூடாது?"

"பாக்கறவங்களுக்கு."

தாவூத் ஒரு உப்புத்தாளை எடுத்துக் கொடுத்தார்.

"தேய்ங்க."

நாற்பது நாள் தேய்த்தார். துரு எடுத்தார். ஓட்டை கண்ட இடமெல்லாம் பட்டி வைத்து அடைத்தார். சீட்டுக்குப் புது மெத்தை போட்டார். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே இருந்த கம்பி வலைக்கு வெள்ளை அடித்தார், சாமான் முன்னால் சரியாமல் இருக்குமே என்று. கடைசியில் வண்டி முழுவதும் சந்தன நிறம்.

கல்யாண வண்டி மாதிரி இருந்ததாம்.

*

வண்டியோடு பட்டறைக்குத் திரும்பி வந்த மாசிலாமணியிடம், "ஏறவே இல்லீங்களா?" என்றார் தாவூத்.

"ஒருநாள் ஏறினான். பிலோமிதான் ஏத்திக் கதவைச் சாத்துனா. ஊர் எல்லை தாண்டல. நிறுத்துண்ணா, நிறுத்துண்ணான்னு ஒரே கத்தல். சட்டையெல்லாம் வேர்வை. இறங்கிப் பஸ்ல போயிட்டான்."

"ஏன்னு கேட்டீங்களா?"

"மூச்சு முட்டுதுங்கறான். பெயிண்டு வாசனையா இருக்கும். இல்ல, நிறம் பிடிக்கலையோ என்னவோ. வெள்ளை அடிச்சுப் பாக்கலாமா?"

"இந்த வண்டியை எத்தனை வருஷம் ஓட்டினீங்க?"

"பன்னெண்டு."

"பின்னால உக்காந்து போயிருக்கீங்களா?"

மாசிலாமணி சிரித்துவிட்டார். "டிரைவருக்குப் பின்னால என்னங்க வேலை?"

"இன்னைக்கு உக்காருங்க. வாசனை வருதான்னு பாருங்க."

ஏறி உட்கார்ந்தார். தாவூத் வெளியிலிருந்து கதவைச் சாத்தினார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். அன்று வெள்ளிக்கிழமை. பள்ளிவாசல் பக்கம் நடந்துவிட்டார்.

*

வாசனை ஒன்றும் இல்லை. மெத்தை நன்றாக இருந்தது. காலை நீட்டிப் பார்த்தார். தம்பிக்குத் தாராளமாகப் போதும் என்று சந்தோஷப்பட்டார்.

பிறகு இறங்கலாம் என்று கதவில் கை வைத்தார்.

வழவழவென்று தகடு.

மேலே தடவினார். கீழே தடவினார். தகடுதான்.

நாற்பது நாள் இந்த வண்டிக்குள் ஏறி இறங்கி வேலை செய்திருக்கிறார். அப்போதெல்லாம் கதவு திறந்தே கிடந்தது.

விரல் ஓரிடத்தில் நின்றது. அங்கே இரண்டு ஓட்டைகள் இருந்தன. துரு அரித்தது என்று நினைத்து, பட்டி வைத்து, அவர்தான் அடைத்தார்.

துரு இல்லை. ஜீப் ஸ்டேஷனுக்கு வந்த முதல் வாரம், ஆள் யாரும் குதித்துவிடக் கூடாது என்று உள்கைப்பிடியைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றியவரும் அவர்தான்.

வெல்டிங் வைக்கிற சிங்காரம் அந்தப் பக்கம் வந்தவன் கண்ணாடியில் எட்டிப் பார்த்தான்.

"என்னங்க ஏட்டையா, உள்ள வெச்சுட்டாங்களா? ஜாமீனுக்கு ஆள் பாக்கட்டுங்களா?"

மாசிலாமணி கதவிலிருந்து கையை எடுத்தார்.

"தொறக்கட்டுங்களா?"

"வேண்டாம்ப்பா. குரு வரட்டும்."

சிங்காரம் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான்.

மாசிலாமணி கம்பி வலை வழியாக முன்னால் பார்த்தார். ஓட்டுகிறவருடைய தலை இருக்கும் இடம் நேராகத் தெரிந்தது. பிடரி தெரியும். முகம் தெரியாது.

வலையை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். சத்தம் நன்றாகத்தான் கேட்டது. அன்று தம்பி தட்டியபோதும் இப்படித்தான் கேட்டது, அவர்தான் திரும்பிப் பார்க்கவில்லை.

*

தாவூத் திரும்பி வந்து கதவைத் திறந்தார்.

"வாசனை வந்துதுங்களா?"

"இல்லீங்க."

"எவ்வளவு நேரம் இருந்தீங்க?"

"முக்கால் மணி நேரம் இருக்கும்."

"அன்னைக்குத் தம்பி எவ்வளவு நேரம் இருந்தாரு?"

மாசிலாமணி கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

தாவூத் பழைய சாமான் டப்பாவைக் கிளறி ஒரு கைப்பிடியை எடுத்தார்.

"மாட்டித் தரட்டுங்களா?"

"வேண்டாங்க குருவே. ஸ்க்ரூ டிரைவர் மட்டும் குடுங்க."

கம்பி வலையை அன்றைக்கே கழற்றிவிட்டார். ஓட்டை இரண்டையும் ஆணியால் குத்தித் திறந்தார். கைப்பிடியை மட்டும் மாட்டவில்லை, பையில் போட்டுக்கொண்டார்.

*

செவ்வாய்க்கிழமை காலை ஜீப் ஆரோக்கியத்தின் வீட்டு முன் நின்றது. பிலோமி அக்கா முன் சீட்டில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார்.

ஆரோக்கியம் பையோடு பஸ்ஸுக்குக் கிளம்பி வெளியே வந்தான்.

மாசிலாமணி கையை நீட்டினார்.

"என்னண்ணா இது?"

"கைப்பிடி."

"அதுக்கு?"

"நான் கழட்டுன இடத்துல நீ மாட்டு."

ஆரோக்கியம் அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான்.

"சீக்காளியப் போய் வேலை வாங்கற பாரு," என்றான்.

ஆனாலும் மாட்டினான். கடைசித் திருகு இரண்டு தடவை நழுவியது. அண்ணன் உதவிக்குப் போகவில்லை.

உள்ளே ஏறினான். சாத்தினான். உள்ளிருந்து திறந்தான். சாத்தினான். இன்னொரு தடவை திறந்தான்.

"நேரமாகுது. எடு," என்றான்.

ஊர் எல்லை தாண்டியது. ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. சரக்கு ரயில். பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது.

பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

பிலோமி அக்காவின் விரல் ஜெபமாலை மணியில் அப்படியே நின்றுவிட்டது. மாசிலாமணி இந்தத் தடவை திரும்பிப் பார்த்தார்.

ஆரோக்கியம் ஒரு காலை வெளியே தொங்கவிட்டு, ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லண்ணா. காத்து வரட்டும்னு."

கேட் தூக்கினார்கள். அவனே காலை உள்ளே எடுத்தான். அவனே சாத்தினான்.

திரும்பும்போது சேலத்திலிருந்து வீடு வரைக்கும் தூங்கிக்கொண்டே வந்தானாம்.

*

செவ்வாயும் சனியும் மத்தியானம் அந்த ஜீப் சேலம் ரோட்டில் திரும்பி வரும். மெதுவாகத்தான் வரும். பின்னால் வருகிறவர்கள் கொஞ்சம் ஹாரன் அடிக்காமல் வாருங்கள்.