மாமனார் ஊர் டவரும் மூட்டை கட்டிய பேச்சும்

செல்போன் டவருக்கு ராஜாவே வந்து திறப்பு விழா நடத்திய காலத்தில் நடந்தது இது. அது எந்தக் காலம் என்று என்னைக் குடையாதீர்கள், கதையைக் கேளுங்கள்.

செங்கழனி நாட்டு ராஜா தொண்டைக்கோனுக்கு ஒரே பெண், அலர்விழி. அவளைப் பக்கத்து நாடான மருதங்காட்டில் கட்டிக் கொடுத்திருந்தார். கல்யாணமாகிப் போயும் அந்தப் பெண் பிறந்த வீட்டு சிம்மை மட்டும் மாற்றவே இல்லை. இப்போது மசக்கை வேறு. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. அம்மாவிடம் போனில் பேசினால்தான் நாலு வாய் சோறு உள்ளே இறங்கும்.

அதற்குத்தான் வேட்டு வைத்தார் அவள் மாமனார், மருதங்காட்டு ராஜா உக்கிரமாறன். "என் டவரில் உங்கள் பெண் பேசுகிறாள். நிமிடக் கணக்கில் காசு வராவிட்டால் வெள்ளிக்கிழமையோடு ரோமிங் கட்!" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவர் கோபத்துக்கும் காரணம் இருந்தது. முன்பெல்லாம் வெளிநாட்டில் பேசினால், அந்த நாட்டுக்காரன் பேச்சைப் பேச்சாகவே வாங்கி, நிமிடத்தை எண்ணி பில் போடுவான். 4ஜி வந்ததும் அந்தப் பிழைப்பில் மண் விழுந்தது. பேச்சு பொடிப்பொடியாகி, மூட்டையாகி, வாய் தைத்து நேரே சொந்த நாட்டுக்குப் போய்த்தான் பிரியும். நடுவில் இருப்பவன் சுமைகூலி மட்டும் வாங்கலாம். உள்ளே இருப்பது பேச்சா, பாட்டா, அவனுக்குத் தெரியாது. மருமகள் மாடத்தில் நின்று கையை ஆட்டி ஆட்டி ஒரு மணி நேரம் பேசுவதை உக்கிரமாறன் கண்ணால் பார்க்கிறார். பில்லில் மட்டும் 'டேட்டா, அரைக்கைப்பிடி' என்று வருகிறது. வயிறு எரியாதா மனுஷனுக்கு?

செங்கழனி அரண்மனையில் ஒரே அழுகை. "என் பொண்ணு அங்கே பட்டினி கிடப்பா!" என்று ராணி தலையில் அடித்துக்கொண்டாள். சம்பந்தி கேட்ட காசைக் கொடுத்தால் கஜானா காலி. கொடுக்காவிட்டால் பெண் பாவம்.

மந்திரி ஆலவாயர் முந்திக்கொண்டு எழுந்தார். "மகாராஜா, வேகமாகப் பேசினால் நிமிடம் குறையும்! ராணியாருக்கு நான் பயிற்சி தருகிறேன்."

பயிற்சியும் நடந்தது. "சாப்பிட்டியாவாந்திநின்னுச்சாமாங்காகுடுத்தாங்களா..." என்று மூச்சு விடாமல் ஓடிய ராணி, மாங்காய் தாண்டியதும் தொப்பென்று மயங்கி விழுந்தாள். மந்திரியே விசிற வேண்டியதாயிற்று.

ராஜா பில்லிங் அதிகாரி செம்பாயியைக் கூப்பிட்டார். வெற்றிலை போட்ட வாயும், எவருக்கும் மசியாத நாக்குமாக வந்து நின்றாள் அவள்.

"செம்பாயி, என் பொண்ணு பேசணும். நிமிடக் காசு ஒரு செல்லாக்காசும் போகக்கூடாது. சம்பந்தியோட சண்டையும் வரக்கூடாது. முடியுமா?"

"இவ்வளவுதானா? நான் என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன்," என்று கிளம்பிவிட்டாள்.

மருதங்காட்டில் முதலில் அந்தப்புரத்துக்குப் போய் அலர்விழியிடம் காதோடு காதாக ஏதோ பேசினாள். அப்புறம்தான் சபைக்கு வந்தாள்.

"மகாராஜா, உங்க பக்கம்தான் நியாயம். இனிமே மூட்டையை எங்க ஊர்ல பிரிக்க மாட்டோம். உங்க டவரடியிலேயே பிரிச்சு, பேச்சைப் பேச்சாவே ஒப்படைக்கிறோம். நிமிடக் கணக்கு போட்டுக்கோங்க."

உக்கிரமாறன் முகம் மலர்ந்தது. "அப்படி வா வழிக்கு!"

"ஒண்ணே ஒண்ணு. டேட்டான்னா எடை பார்த்தா போதும். பேச்சுன்னு காசு வாங்குறவங்க, 'இது பேச்சுதான், நான் கேட்டேன்'னு உறுதி சொல்லணும். உங்க பக்கத்துல யாரையாவது உட்கார வைங்க."

"யாரையாவதா? காசு விஷயத்தில் நான் எவனையும் நம்ப மாட்டேன். நானே கேட்கிறேன். சபை முழுக்கச் சாட்சி. போடு ஸ்பீக்கரில்!"

செம்பாயி போட்டாள். சபையே காதைத் தீட்டிக்கொண்டது.

"அம்மா!" என்றது அலர்விழியின் குரல். "இன்னிக்கு ரெண்டு வாய் ரசம் சாதம் இறங்குச்சும்மா. ஆனா நேத்து என்ன ஆச்சு தெரியுமா? எங்க மாமனாருக்கு இருக்கிறது ஒட்டு மீசைம்மா!"

உக்கிரமாறனின் கை தானாக மேலுதட்டுக்குப் போயிற்று.

"ஐயையோ! உனக்கு எப்படிடீ தெரியும்?" என்றாள் ராணி அந்தப் பக்கத்திலிருந்து.

"குனிஞ்சு ரசம் குடிச்சாரா, அது உள்ளேயே விழுந்துடுச்சு. நான் கறிவேப்பிலைன்னு நெனச்சு எடுத்து இலை ஓரமா வெச்சுட்டேன். அவரும் பேசாம எடுத்து ஊதி ஒட்டிக்கிட்டாரும்மா! இது பரவாயில்ல. போன வாரம் யானையைப் பார்த்து அவர் ஓடின ஓட்டம் இருக்கே..."

தளபதி தூணுக்குப் பின்னால் போய் வாயில் துணியை அடைத்துக்கொண்டார்.

செம்பாயி பணிவாகக் கும்பிட்டாள். "மகாராஜா, அருமையான பேச்சு. 'இது பேச்சுதான், நான் கேட்டேன்'னு சபையறிய ஒரு வார்த்தை சொல்லுங்க. நிமிடத்துக்குக் காசை இப்பவே எண்ணி வெச்சுடறேன்."

உக்கிரமாறன் மீசையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே சபையைச் சுற்றிப் பார்த்தார். "பேச்சா? ஏது பேச்சு? எனக்கு ஒன்றுமே கேட்கவில்லையே! யாருக்காவது ஏதாவது கேட்டதா?"

"இல்லை மகாராஜா!" என்றது சபை ஒரே குரலில்.

"பார்த்தாயா? இது வெறும் டேட்டா! சுத்தமான டேட்டா! மூட்டையைக் கட்டு! வாயைத் தை! உங்கள் ஊருக்கே கொண்டுபோய்ப் பிரித்துக்கொள்ளுங்கள். சுமைகூலி போதும். ரோமிங் என்றைக்கும் கட் ஆகாது!"

செங்கழனியில் தொண்டைக்கோன் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ராணி தன் முத்துமாலையையே கழற்றி செம்பாயி கழுத்தில் போட்டாள். ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் குனிந்தார்.

"அது இருக்கட்டும் செம்பாயி. சம்பந்தி மீசை நிஜமாவே ரசத்துல விழுந்துதா?"

"எனக்கு எப்படித் தெரியும் மகாராஜா? அது டேட்டா ஆச்சே!"