அசையாத வெள்ளைக்குட்டி

மலையும் மேய்ச்சல் காடுமாகக் கிடந்த ஆனைக்கரடு நாட்டை வெகு காலத்துக்கு முன்பு கோதண்டராயர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் ஒன்றை ஆசைப்பட்டுவிட்டால் அது அன்றைக்கே, அந்த நிமிஷமே கைக்கு வந்தாக வேண்டும்.

ஒரு வருஷம் அரண்மனை ஆட்டுக் கிடையில் ஓநாய்கள் புகுந்து நாற்பது ஆடுகளைக் கடித்துப் போட்டுவிட்டன. காவல் நாய்கள் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தனவாம். நாட்டிலேயே நல்ல கிடைநாய் யாரிடம் இருக்கிறது என்று ராஜா விசாரித்தார். விசாரித்த இடத்திலெல்லாம் மாயக்காவின் பெயரைத்தான் சொன்னார்கள்.

மாயக்கா புருஷனை இழந்தவள். நூறு ஆடுகளும் செவலை என்கிற பெட்டை நாயும்தான் அவளுக்கு எல்லாம். செவலை குட்டி போட்டு இருபத்தைந்து நாள் ஆகியிருந்தது. குட்டி கேட்டு வந்த அரண்மனைச் சேவகனிடம் அவள் இல்லையென்று சொல்லவில்லை. இதுகள் இன்னும் பால்குடி மறக்கவில்லை, இரண்டு மாதம் நிறையட்டும், அப்போது வந்து தாயைப் பாருங்கள், தகப்பனையும் பாருங்கள், இரண்டும் ஆடு மடக்குவதைப் பார்த்துவிட்டுப் பிடித்திருந்தால் கொண்டுபோங்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

அரண்மனை நாய்க்கொட்டடிக்கு அதிகாரியாக இருந்த பூவராகருக்கு இது நல்ல சாக்காகப் போயிற்று. சனங்கள் தன் கொட்டடியை விட்டுவிட்டு ஓர் ஆட்டுக்காரியிடம் நாய் வாங்கப் போவது அவருக்கு வெகுநாள் எரிச்சல். ராஜாவுக்கே குட்டி இல்லை என்கிறாள் என்று பற்றவைத்தார். மறுநாளே மாயக்காவைச் சபையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். செவலையும் குட்டிகளும் ஒரு கூடையில் பக்கத்தில் இருந்தன.

ராஜாவின் மடியில் மூன்று மாத வெள்ளைக்குட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. பூவராகர் வளர்த்துக் கொடுத்தது. அதைக் காட்டி அவர் பெருமை பேசினார். ஏழு தலைமுறையாக ஒரே ரத்தமாம். அண்ணனையும் தங்கையையும்தான் சேர்ப்பாராம். உடம்பில் ஒரு கறுப்பு மயிர் இருந்தால் காட்டச் சொன்னார். பிறகு கொம்பு ஊதச் சொன்னார். கொம்புச் சத்தத்தில் செவலையின் குட்டிகள் பதறித் தாயின் வயிற்றுக்கடியில் புகுந்தன. வெள்ளைக்குட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பார்த்தீர்களா மகாராஜா, இதற்குப் பெயர்தான் ராஜ நிதானம்" என்றார் பூவராகர். சபை சிரித்தது.

ராஜாவும் சிரித்துவிட்டு, தன் குட்டியில் ஒரு குறையாவது காட்டு, காட்ட முடியாவிட்டால் செவலை இனி அரண்மனைக் கொட்டடிக்குத்தான் என்று தீர்ப்புச் சொன்னார்.

ஆனால் இந்த மாதிரிக் குட்டியை மாயக்காவுக்கு முன்பே தெரியும். பத்து வருஷத்துக்கு முன்பு அவளும் வெள்ளை நிறத்துக்கு ஆசைப்பட்டு அண்ணன் தங்கையைச் சேர்த்தவள்தான். பிறந்த குட்டி இப்படித்தான் எதற்கும் அசையாமல் இருந்தது. பின்னால் வந்த மாட்டுவண்டி அதன்மேல் ஏறிப் போன நாளில்தான் அவளுக்குக் காரணம் விளங்கியது. இப்போது அதை நேராகச் சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. ராஜா அந்தக் குட்டியின் தலையைத் தடவிக்கொண்டே இருப்பதையும் அவள் பார்த்தாள்.

குட்டி சாப்பிட்டுவிட்டதா என்று மெதுவாகக் கேட்டாள். இன்னும் இல்லை என்றார்கள். அது தினமும் சோறு தின்கிற பித்தளைக் கிண்ணத்தைக் கேட்டு வாங்கினாள். குட்டியைத் தரையில் விடச் சொல்லி, அதன் முதுகுக்குப் பின்னால் நின்று கரண்டியால் கிண்ணத்தைத் தட்டினாள். செவலை திரும்பியது. சபையே திரும்பியது. வெள்ளைக்குட்டி மட்டும் திரும்பவில்லை. அப்புறம் சத்தமில்லாமல் சுற்றி வந்து, அதன் கண்ணெதிரே வெறுங்கிண்ணத்தைக் காட்டினாள். குட்டி துள்ளி ஓடிவந்து கிண்ணத்துக்குள் தலையை விட்டது.

"மகாராஜா, கொம்புக்கு நிதானமாக இருக்கலாம். பசிக்கும் நிதானமாக இருக்குமா? பாவம், இதற்குக் காது கேட்கவில்லை."

ஏதோ ஒன்று தப்பிப் பிறந்துவிட்டது, வேறு தருகிறேன், இதைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றார் பூவராகர். ராஜா கொட்டடியில் இருந்த பதினைந்து நாய்களையும் கொண்டுவரச் செய்து, தானே ஒவ்வொன்றின் பின்னாலும் நின்று கிண்ணத்தைத் தட்டினார். ஒன்பது நாய்கள் திரும்பவில்லை. ஆட்டுக் கிடைக்குக் காவல் போயிருந்தவையும் அவற்றில்தான் இருந்தன. ஓநாய் வந்தபோது ஆடுகள் கத்தியது அவற்றுக்கு ஏன் கேட்கவில்லை என்று அப்போது அவருக்குப் புரிந்தது.

"இது உமக்குத் தெரியுமா?" என்று பூவராகரைக் கேட்டார்.

"வேறு ரத்தம் கலந்தால் வெள்ளை கெட்டுவிடுமே என்று..." பூவராகர் தலையைக் குனிந்துகொண்டார்.

ராஜா குட்டியை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டார். குணமாகுமா என்று அவர் மாயக்காவைக் கேட்டபோது அந்தக் குரலில் அதிகாரம் இல்லை. ஆகாது என்றாள் அவள். பின்னாலிருந்து தொட்டால் பயந்து கடிக்கும், எப்போதும் முன்னால் வந்து கையசைத்துப் பழக்குங்கள், வெட்டவெளியில் அவிழ்த்துவிடாதீர்கள், இதன் வழியில் குட்டி மட்டும் எடுக்க வேண்டாம், மற்றபடி இது தங்கமான பிள்ளை என்றாள். ராஜா உடனே கையை அசைத்துப் பார்த்தார். குட்டி அந்தக் கையை நக்கியது.

பூவராகரின் பதவி அன்றோடு போயிற்று. அந்த ஒன்பது நாய்களும் உயிரோடு இருக்கும்வரை அவரே தன் கையால் சோறு வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவாயிற்று. மேற்குமலை மேய்ச்சல் காடு முழுவதும் மாயக்காவுக்குக் கிடைத்தது. அவளைக் கேட்காமல் அரண்மனையில் இனி எந்த நாயையும் சேர்க்கக் கூடாது என்றும் ராஜா சொல்லிவிட்டார்.

இரண்டு மாதம் நிறைந்த அன்று ராஜாவே கிடைக்கு நடந்து வந்தார். செவலை ஒரு சீழ்க்கைக்கு நூறு ஆடுகளையும் மடக்கிக் கொண்டுவந்ததைப் பார்த்தார். அடுத்த ஊர்க் கிடையிலிருந்து தகப்பன் நாயை மாயக்கா வரவழைத்திருந்தாள். அதன் பல்லையும் காலையும் நடையையும் பார்த்தார். கடைசியில் மண்ணில் புரண்டு வந்த ஒரு பழுப்புக் குட்டியைத் தூக்கிக்கொண்டார்.

ஒத்துவராவிட்டால் வேறு யாருக்கும் கொடுத்துவிடாமல் இங்கேயே கொண்டுவந்து விட்டுவிடுங்கள் என்றாள் மாயக்கா.

"ராஜாவுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறவள் நீ ஒருத்திதான்" என்று சிரித்தார் அவர்.

"கொடுத்துவிட்டேன் என்று யார் சொன்னது மகாராஜா? என் பிள்ளையை உங்கள் வீட்டில் வளர விட்டிருக்கிறேன். அவ்வளவுதான்."