சடையாண்டியின் குண்டெழுத்து

வேங்கைமலை நாட்டு அரண்மனையில் பலகை எழுதுகிறவன் சடையாண்டி. அவன் எழுத்து குண்டெழுத்து. பட்டையாக, உருண்டையாக, கொழுக்கட்டையை வரிசையாக அடுக்கிய மாதிரி இருக்கும். 'ட'வுக்குக்கூட மூலை வைக்கமாட்டான். சின்னதாக எழுதினால் சுழியெல்லாம் அடைத்துக்கொண்டு வெறும் மைக்கறையாகிவிடும். பெரிதாக எழுதினால் அடுத்த தெருவிலிருந்தே படிக்கலாம். என் கையெழுத்தும் ஏறக்குறைய அதுதான், அதனால் அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

திருவிழா, கல்யாணம், பலகாரக் கடை என்றால் எல்லோருக்கும் சடையாண்டிதான் வேண்டும். எதிரி நாட்டுக்கு எச்சரிக்கைப் பலகை எழுதியதில்தான் மாட்டிக்கொண்டான். 'எல்லை தாண்டினால் தலை போகும்' என்றுதான் எழுதினான். எதிரி நாட்டுத் தூதன் பலகையைப் பார்த்துவிட்டு, "விருந்து எப்போது?" என்று கேட்டான்.

ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. தலைமை எழுத்தர் நாகலிங்க ராயசத்துக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். அவர் எழுத்து முள்ளு முள்ளாக இருக்கும். கல்யாணத்துக்கு யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை.

"இவனை நாடு கடத்துங்கள் மகாராஜா. அந்த ஆணையையும் இவன் கையாலேயே எழுதட்டும். அப்போதுதான் உறைக்கும்."

"எழுதுடா," என்றார் ராஜா.

"மகாராஜா, பெண்டாட்டிக்கு இது நிறைமாசம்."

"மாட்டுவண்டியில் வைக்கோல் நிறையப் போட்டுக்கொள்," என்றார் ராயசம்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஆணையும் சந்தை வாசலில் ஒரே ஒருமுறைதான் தொங்கும். ஊரார் தலைகுனிந்து கேட்டால் செல்லும். கூட்டம் சிரித்துவிட்டால் செல்லாது. ராயசம் இருந்த சந்தோஷத்தில் இதை மறந்துவிட்டார். சடையாண்டி மறக்கவில்லை.

பலகை ஏறியது. 'சடையாண்டி நாடு கடத்தப்படுகிறான்.' அதில் இருந்த 'ட' எல்லாம் தொப்பையைத் தள்ளிக்கொண்டு நின்றன. ராயசம் தொண்டையைக் கனைத்து, இழவு வீட்டுக் குரலில் வாசித்தார்.

முன்னால் நின்ற பூக்காரி, "இவ்வளவு குஷியாவா போறான்?" என்றாள்.

"நாமளும் கூடப் போலாமா? சோறு போடுவாங்க போல," என்றான் பக்கத்தில் நின்ற வண்டிக்காரன்.

அவ்வளவுதான். சந்தையே சிரித்தது. ராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் தோள் குலுங்கியது.

"ஏன்டா, வேண்டுமென்றே செய்தாயா?"

"ஆமாம் மகாராஜா. ஆனால் நல்லபடியாக எழுத நினைத்திருந்தாலும் எனக்கு இதுதான் வந்திருக்கும்."

ராஜா வாய்விட்டே சிரித்துவிட்டார். பிறக்கப்போகிற பிள்ளைக்கு அரண்மனையிலிருந்து தொட்டில் என்று அங்கேயே அறிவித்தார். அதோடு விட்டிருக்கலாம்.

"இனி எல்லா ஆணையும் நீயே எழுது. புது வரி ஆணையையும் உன் எழுத்திலேயே போடு. சனங்கள் சிரித்துக்கொண்டே படிப்பார்கள்."

"போட்டுடலாம் மகாராஜா. சிரித்தால் வரி கிடையாது, பரவாயில்லையா?"

ராஜா சிரிப்பை நிறுத்தினார். "ராயசம் எங்கேய்யா?"